காந்தாரி மந்தியும் கசப்புச் சாந்தும்

சோலைக்காட்டில் காந்தாரி என்றொரு மந்தி இருந்தது. இருந்த இடத்தில் இருக்கவே இருக்காது. ஒரு மரத்தில் பழத்தைக் கடித்துக்கொண்டே அடுத்த மரத்துக்குத் தாவும். அப்படிப்பட்டதற்குத் தலையில் பொடுகு வந்தால் கேட்கவா வேண்டும்?

முகத்தைச் சுற்றியிருந்த பிடரிமயிரிலிருந்து வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்ந்தது. அரிப்பென்றால் அப்படியொரு அரிப்பு. கையால் சொறிந்தது, காலால் சொறிந்தது, பலாமரத்தில் தலையைத் தேய்த்தது. ஒன்றுக்கும் அடங்கவில்லை.

அரிப்பைக்கூடத் தாங்கிக்கொண்டிருக்கும். தங்கை பிச்சி தள்ளி உட்கார்ந்ததைத்தான் தாங்க முடியவில்லை. மந்திகள் மத்தியானத்தில் கிளையில் வரிசையாக உட்கார்ந்து ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும். கையில் அகப்பட்டதை அப்படியே வாயில் போட்டுக்கொள்ளும். அவற்றுக்குப் பாசம் என்றால் அதுதான். காந்தாரிக்கு எப்போதும் பிச்சிதான் பார்க்கும்.

"தப்பா நினைக்காதேக்கா. கைக்குழந்தைக்காரி நான். இதுக்கும் ஒட்டிக்கிட்டா என்ன செய்யறது?" என்றது பிச்சி.

காந்தாரிக்கு அழுகை வந்துவிட்டது. வைத்தியம் பார்க்கும் தேவாங்கிடம் ஓடியது.

தேவாங்கு நடப்பதும் மெதுவாக, பேசுவதும் மெதுவாக. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே நாம் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம்.

"ம்... வெறும் பொடுகுதான். யாருக்கும் ஒட்டாது. பட்டையை அரைச்ச சாந்து தர்றேன். கொஞ்சமா எடுத்து ஈரத்தலையில தேய். கண்ணுல படக்கூடாது. கொஞ்ச நேரம் ஊறவிட்டு..."

"தெரியும் வைத்தியரே. கொடுங்க."

"இரு. இன்னும் சொல்லி முடிக்கலை."

முடிக்கிறவரை யார் நிற்பது? இலைப்பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு காந்தாரி போயே போய்விட்டது.

முதலில் துளி எடுத்துத் தேய்த்தது. தலை குளுகுளுவென்று இருந்தது. அரிப்பும் கொஞ்சம் அடங்கியது. கொஞ்சத்துக்கே இப்படியென்றால் எல்லாவற்றையும் பூசினால் இன்றைக்கே தீர்ந்துவிடுமே! பொட்டலத்தை வழித்து மொத்தத்தையும் அப்பிக்கொண்டது. ஊற ஊற நல்லது என்று அலசாமல் விட்டது. நெற்றி திகுதிகுவென்று எரிந்தது. மருந்து வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டது. புத்தி போன போக்கைப் பாருங்கள்!

மத்தியானம் பிச்சியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. "பாரு, ஒரு செதில் இல்லை. யாருக்கும் ஒட்டாதுன்னு வைத்தியரே சொல்லிட்டார்."

பிச்சிக்குக் கண் கலங்கியது. "உன் தலையைத் தொடாம எனக்கும் பொழுதே போகலைக்கா."

அது ஆசை ஆசையாகப் பேன் பார்க்கத் தொடங்கியது. மயிரிடுக்கில் சாந்து பொருக்குப் பொருக்காகக் காய்ந்திருந்தது. ஒவ்வொன்றாகக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டது.

"கசக்குதேக்கா."

"மருந்து பின்னே இனிக்குமா? அந்தக் காதோரமும் பாருடி."

சற்று நேரத்தில் பிச்சியின் வாயில் எச்சில் வழிந்தது. வாந்தி எடுத்தது. கை தளர்ந்து குழந்தை நழுவியது. பக்கத்து மந்தி எட்டிப் பிடித்திருக்காவிட்டால் அது கீழே பாறையில் விழுந்திருக்கும்.

காந்தாரி கண்மண் தெரியாமல் ஓடியது. "வைத்தியரே, பேன் பார்த்தவ வாய்க்குள்ள சாந்து போயிடுச்சு. வாந்தி எடுக்கறா."

"அதைத்தானே சொல்ல வந்தேன்? நல்லா அலசணும். அலசற வரைக்கும் யாரையும் தலையில கைவைக்க விடக்கூடாது. உள்ளே போனா ஆகாது. மீதிச் சாந்தை எடுத்துக்கோ, எவ்வளவு தின்னிருப்பான்னு பார்க்கணும்."

"மீதி எதுவும் இல்லை வைத்தியரே."

தேவாங்கு அதன் தலையை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு காந்தாரியின் முதுகில் ஏறிக்கொண்டது. தாவினால் வைத்தியர் விழுந்துவிடுவார். ஒவ்வொரு கிளையாகப் பிடித்துப் பிடித்துப் போவதற்குள் காந்தாரிக்கு உயிரே போய்விட்டது.

அங்கே ஒரு மந்தி பிச்சியின் தொண்டையில் விரலை விடப் பார்த்தது. இன்னொன்று புளியங்காயைத் திணிக்க வந்தது.

"எதுவும் கொடுக்காதீங்க. வலிய வாந்தி எடுக்கவும் வைக்காதீங்க. வாயைத் தண்ணியால துடைச்சு ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க," என்றது தேவாங்கு.

அழுத குழந்தை பெரியம்மாவைப் பார்த்துக் கை நீட்டியது. காந்தாரி தூக்கப் போனது.

"தொடாதே. அது உன் தலைமயிரைப் பிடிக்கும், அப்புறம் விரலைச் சப்பும். முதல்ல போய் அலசு."

தங்கை பிழைப்பாளா என்று தெரியாமல் அருவியடியில் நின்றது காந்தாரி. ஓடிப்போய்ப் பார்க்கக் கால் துடித்தது. ஆனால் சாந்து முழுக்கப் போகும்வரை நகரவில்லை. ஓரிடத்தில் அது அவ்வளவு நேரம் நின்றது அன்றைக்குத்தான்.

திரும்பி வந்தபோது பிச்சி கண் திறந்திருந்தது. பொழுது சாய்வதற்குள் எழுந்து உட்கார்ந்தது. காந்தாரி விம்மி விம்மி அழுதது.

சாந்து எரித்ததால் வந்த தலைப்புண் ஆறியபின் காந்தாரி மறுபடி வைத்தியரிடம் போனது. அவர் வாயை மூடும்வரை கேட்டது. அவர் சொன்ன அளவே தேய்த்தது, நன்றாக அலசியது. பொடுகு போயே போயிற்று.

ஒரு மத்தியானம் தங்கையின் பக்கத்தில் தலையைச் சாய்த்தது. பிச்சியின் கை காதுவரை வந்தது. பிறகு தயங்கித் தயங்கித் தன் மடிக்கே திரும்பியது.

"கோபமெல்லாம் இல்லைக்கா. கைதான் வரமாட்டேங்குது."

"பரவாயில்லைடி," என்று சொல்லிவிட்டுக் காந்தாரி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

குணமாக்கும் மருந்தும் முறைப்படி பயன்படுத்தாவிட்டால் நமக்கும் நம்மை நேசிப்பவர்களுக்கும் கேடாகும். ஆகையால் சொல்வதை முழுக்கக் கேட்ட பிறகே மருந்தில் கைவைக்க வேண்டும்.