மொட்டை மாடிப் பந்து

கிளப்பில் எல்லோரும் ரிஸ்வானாவை 'குரு' என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தது. வயது முப்பதுகூட ஆகவில்லை. மாநிலப் பெண்கள் அணியில் விக்கெட் கீப்பராக இருந்தவர். இரண்டு விரல்கள் கோணிப்போன பிறகு, ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்து யார் எங்கே தப்பு செய்கிறார்கள் என்று சொல்லும் வேலைக்கு இந்த கிளப்புக்கு வந்தார். கேட்ட கேள்விக்கு அவர் நேராகப் பதில் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. கேலி எப்போது மரியாதையாக மாறியது என்று யாருக்கும் நினைவில்லை.

அந்தக் குருவின் முன்னால்தான் முப்பத்தேழு வயது அமலதாஸ் போய் நின்றார்.

தாஸ் வேகப்பந்து வீச்சாளர். தூத்துக்குடியிலிருந்து வந்து சென்னை லீகில் பதினாறு சீசன், மாநில அணிக்குப் பதினொரு மேட்ச். முந்தின நாள் கடைசி லீக் ஆட்டத்தின் இறுதி ஓவரில், கேசவன் என்கிற எதிரணிப் பையன் அவர் பந்தில் இரண்டு சிக்ஸர் அடித்து ஆட்டத்தையே வாரிக்கொண்டு போய்விட்டான். இரண்டுமே தாஸ் உயிராக நினைக்கிற ஸ்லோ பால். வேகமாக ஓடி வந்து, வேகமாகக் கையைச் சுழற்றி, மெதுவாக விடுகிற பந்து. வருகிறது என்று தெரியாதவரைதான் அதற்கு மதிப்பு.

கிளப் செக்ரட்டரி வைத்தியலிங்கம் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். அதே கேசவன், அதே டீம். அங்கேயும் அடி வாங்கினால் அடுத்த சீசனுக்கு ஒப்பந்தம் இல்லை.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றார் தாஸ். "இன்னும் எத்தன வருசம் நான் போடலாம்?"

குரு கீப்பர் கிளவுஸை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஆறு பந்து போடுங்கண்ணே."

பேட்ஸ்மேன் யாரும் இல்லை. குரு ஸ்டம்புக்குப் பின்னால் போய் நின்றார். தாஸ் ஓடி வந்தார். பந்து கையை விட்டுக் கிளம்பும் முன்பே குரலெழுந்தது.

"வேகம்."

வேகம்தான். அடுத்ததும் வேகம். மூன்றாவதற்கு, "ஸ்லோ." ஸ்லோதான். ஆறில் ஆறையும் சொன்னார்.

பந்தைப் பிடிக்கிற விதம் தெரிகிறது போல என்று தாஸ் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஓடி வந்தார். ஆறுக்கு ஆறு. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அதற்கும் ஆறு. வியர்வை கொட்டியது.

"கையிலயா தெரியுது?"

குரு பையைத் துழாவி, கொரோனா காலத்து மாஸ்க் ஒன்றை எடுத்து நீட்டினார். "இதைக் கட்டிக்கிட்டுப் போடுங்க."

மாஸ்க்கோடு போட்ட ஆறில் குரு மூன்றைத் தப்பாகச் சொன்னார்.

தாஸ் மாஸ்க்கைக் கழற்றி அதையே பார்த்தார். "மூஞ்சியிலயா!"

குரு செல்போனைக் காட்டினார். நேற்றைய ஆட்டம், நிறுத்திவைத்த படம். பந்து கையில் இருக்கிறது. வாய் காது வரைக்கும் விரிந்திருக்கிறது. அடுத்த ஸ்லோ பாலைக் காட்டினார். அதே முப்பத்திரண்டு பல். காலடியில் வேகமாகக் குத்துகிற யார்க்கர் போடும் படத்தில் மட்டும் பல்வலிக்காரனின் முகம்.

"கேசவன் உங்க கையைப் பார்க்கறதே இல்லைண்ணே. பல்லைத்தான் பார்க்கறான்."

தாஸுக்கு வெட்கமாகிவிட்டது. பதினாறு வருஷமாக ரகசியத்தை வாயில் வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறோமே!

"சரி மேடம். இனிமே சிரிக்க மாட்டேன்."

குரு செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அன்றிலிருந்து தாஸ் உம்மணாமூஞ்சியானார். கண்ணாடி முன்னால் நின்று கையைச் சுழற்றிப் பழகினார். உதட்டைக் கடித்துக்கொண்டார். ஊரில் நடந்த துக்கங்களையெல்லாம் தேடித் தேடி நினைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் அவர் மனைவி ஜெசிந்தா மீன் குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பதறிப்போய்க் கேட்டாள்.

"யாருக்கு என்னாச்சு? மறைக்காம சொல்லுங்க."

"யாருக்கும் ஒண்ணுமில்ல. ஸ்லோ பால் போடுதேன்."

ஜெசிந்தா சட்டியைத் திரும்பவும் அடுப்பில் ஏற்றினாள். இந்த மனிதரிடம் அவளுக்கு இதெல்லாம் பழக்கம்தான்.

வெள்ளிக்கிழமை வலைப்பயிற்சி. முகத்தில் ஈயாடவில்லை. ஸ்லோ பால் கிளம்பியது. ஆனால் கடைசியில் பொத்தென்று விழ வேண்டிய பந்து விழவில்லை. நேராகப் போய் பேட்டின் நடுவில் உட்கார்ந்தது. டீமின் பதினோராவது ஆட்டக்காரன்கூட அதைத் தூக்கி மரத்துக்கு மேலே அடித்தான். அடித்தவனே திகைத்துப்போய், "சாரிண்ணே" என்றான்.

தாஸ் பந்தைத் தரையில் வீசிவிட்டுக் குருவிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. மறைக்கவும் இல்லை.

"சிரிச்சா தெரிஞ்சு போகுது. சிரிக்காட்டா பந்து விழ மாட்டேங்கு. நான் என்னதான் செய்ய?"

"ஸ்லோ பால் யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்றார் குரு.

"யாரு சொல்லிக் கொடுத்தா? வீட்டு மொட்ட மாடியில நானும் எங்க அண்ணனும் விளையாடுவோம். மாடிக்கு அந்தப் பக்கம் சர்ச்சுப் பங்குச் சாமியார் தோட்டம். பந்து அங்க போச்சுன்னா அவ்வளவுதான், திரும்பி வராது. அதனால வேகமா போடக் கூடாதுன்னு சட்டம். நான் வேகமா ஓடி வருவேன். எங்க அண்ணன் சட்டம் பேசிக்கிட்டே பேட்ட சுத்துவான். பந்து வந்தே சேராது. அவன் ஒரு சுத்து சுத்தி, காயப்போட்ட போர்வைக்குள்ள போய் விழுவான். போர்வையோட எந்திரிச்சு என்னைத் தொரத்துவான்..."

தாஸ் பேச முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கலங்கிய கண்ணில் இப்போது வேறு தண்ணீர்.

குரு அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"வேகப்பந்து?"

"அது காலேஜ் செலக்‌ஷன்ல. வேகமா போட்டாத்தான் எடுப்பாங்கன்னாங்க. போட்டேன்."

"அங்கே சிரிச்சீங்களா?"

"செலக்‌ஷன்ல யாரு மேடம் சிரிப்பா?"

குரு கிளவுஸைக் கழற்றினார். "ஞாயித்துக்கிழமை ஆறு பந்தையும் மொட்டை மாடியில போடுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. கடைசி ஓவர். எதிரணி ஜெயிக்கப் பத்து ரன் வேண்டும். பந்து தாஸ் கையில், பேட் கேசவன் கையில். செக்ரட்டரி எல்லைக் கயிற்றுக்கு வெளியே நகம் கடித்துக்கொண்டிருந்தார்.

தாஸ் பந்தைத் தொடையில் தேய்த்தார். முழங்கால் வலித்தது. இதில் எங்கே சிரிப்பது? ஓட ஆரம்பித்த பிறகுதான் அந்தப் போர்வை நினைவுக்கு வந்தது. கேசவன் இருந்த இடத்தில் அண்ணன் நின்றான். தாஸின் வாய் தானாக விரிந்தது.

கேசவன் பல்லைப் பார்த்தான். ஸ்லோ பாலுக்காகக் காத்திருந்தான். வந்தது யார்க்கர். பேட் இறங்குவதற்குள் பந்து கீப்பரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

இரண்டாவதற்கும் சிரிப்பு. வந்தது ஸ்லோ. தட்டுத்தடுமாறி இரண்டு ரன். மூன்றாவதற்கும் சிரிப்பு. வேகம். பேட் விளிம்பில் பட்டு இரண்டு ரன்.

கேசவன் அம்பயரிடம் போனான். "சார், அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்."

அம்பயர் கொஞ்சம் யோசித்தார். "சிரிக்கக் கூடாதுன்னு ரூல் ஒண்ணும் இல்லையேப்பா."

நான்காவது பந்துக்குக் கேசவன் கண்ணை மூடிக்கொண்டு பேட்டை வீசினான். மாட்டிக்கொண்டது. நாலு ரன். தாஸ் பதினாறு வருஷத்தில் முதல்முறையாக, தன்னை அடித்த அடிக்குக் கைதட்டினார். என்ன அழகான அடி! மொட்டை மாடியாக இருந்தால் பந்து சாமியார் தோட்டத்துக்குப் போயிருக்கும்.

ஐந்தாவது பந்து பேட்டில் படவில்லை. ஒரு பந்து, இரண்டு ரன்.

என்ன போடப்போகிறோம் என்று தாஸுக்கே தெரியாது. ஓடினார். அவ்வளவு சந்தோஷமாக அவர் ஓடி எத்தனையோ காலமாகிவிட்டது. கை தானாக விட்டது. கேசவன் முழு பலத்தோடு சுழற்றினான். பந்து இன்னும் வந்து சேரவில்லை. அவன் ஒரு சுற்றுச் சுற்றி, பேட் ஒரு பக்கம் தான் ஒரு பக்கமாக விழுந்தான். பந்து சாவகாசமாகப் போய் ஸ்டம்பைத் தட்டியது.

மைதானமே அதிர்ந்தது. தாஸை யார் யாரோ தூக்கினார்கள். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்த கேசவன் முதலில் முறைத்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டு அவனும் சிரித்துவிட்டான்.

கோப்பை கொடுத்து முடிந்தது. கூட்டம் கலைந்தது. செக்ரட்டரி அடுத்த சீசன் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு தாஸைத் தேடினார். தாஸ் பிட்ச்சில் இருந்தார்.

"அண்ணே, கடைசியா ஒண்ணு போட்டீங்களே, அது என்னண்ணே? இன்னொரு தடவை போடுங்க" என்று கேசவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருந்தான். கீப்பர் இல்லாததால் குருவே கிளவுஸ் மாட்டிக்கொண்டு நின்றார்.

"தாஸ்! வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போப்பா!" செக்ரட்டரி கயிற்றுக்கு வெளியிலிருந்து கத்தினார்.

"ஒரே ஒரு பந்து சார்!"

அந்தப் பந்து போனது. கேசவன் விழுந்தான். மூன்று பேரும் சிரித்தார்கள்.

"தாஸ்! எனக்கு வீட்டுக்குப் போகணும்பா!"

"இன்னும் ஒரே ஒரு பந்து சார்!"

மூன்றாவது முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, செக்ரட்டரி காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு ரோலர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

பந்தைத் துடைத்துக்கொண்டே திரும்பி நடந்த தாஸ் சட்டென்று நின்றார்.

"மேடம், உங்ககிட்ட அன்னைக்கு ஒண்ணு கேட்டேனே. எத்தன வருசம் போடலாம்னு. நீங்க பதிலே சொல்லலயே."

குரு ஸ்டம்பை நேராக்கிக்கொண்டிருந்தார்.

"செக்ரட்டரி கூப்பிட்டாரே, என்ன சொன்னீங்க?"

"இன்னும் ஒரே ஒரு பந்துன்னேன்."

"அவ்வளவுதாண்ணே" என்றார் குரு. "போடுங்க."