எக்காளம் ஊதாத நாள்

கருவேலம்பட்டி ஜமீன்தார் கண்ணில் பட்ட எவரும் கூலியில்லாமல் அவர் தோப்பில் வேலை செய்ய வேண்டும். அதனால் பல்லக்குக்கு முன்னால் மாடக்கண்ணு எக்காளம் ஊதியதுமே தெரு காலியாகிவிடும்.

"ஏலே, கும்பிட ஒரு பயலும் இல்லை. நீ ஊதுகிற லட்சணம் அப்படி! நாளைக்கும் தெரு வெறிச்சென்று கிடந்தால் உன் கையை வெட்டிவிடுவேன்" என்றார் ஜமீன்தார்.

மாடக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் ஜமீன்தாரிடம் போய்ச் சொன்னான்: "எசமான், இன்று நான் ஊதவில்லை. பல்லக்கும் வேண்டாம், கூண்டு வண்டியில் திரை போட்டு வாருங்கள். குற்றம் எக்காளத்தில்தானா என்று தெரிந்துவிடும்."

மாடக்கண்ணுவும் உள்ளே அவர் காலடியில் உட்கார்ந்திருக்க, வண்டி கடைத்தெருவுக்குள் நுழைந்தது. ஜமீன்தார் திரை இடுக்கில் பார்த்தார். பெண்கள் வளையல்காரரிடம் பேரம் பேசினார்கள். புளியமரத்தடியில் கிழவர்கள் ஆடுபுலி ஆடினார்கள்.

"பார்த்தாயாடா? எல்லாம் உன் எக்காளம் செய்த வேலை! கையை நீட்டி வை" என்று சிரித்தபடி, கும்பிடு வாங்கத் திரையை விலக்கித் தலையை நீட்டினார்.

ஒரு கிழவர் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான். வளையல்கள் உருண்டன, கதவுகள் சடசடவென்று அடைபட்டன. தெருவில் ஒரு கோழி மட்டும் நின்றது.

மாடக்கண்ணு இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு மெல்லக் கேட்டான்:

"எசமான், நான் இன்னும் ஊதவே இல்லையே?"

திரையை ஜமீன்தாரே இழுத்து மூடிக்கொண்டார்.