தலைவரின் பித்தளைக் கோப்பை

குன்னூர் பழைய கார் சங்கத் தலைவர் தாமோதர ராவ், பந்தயத்தில் ஜெயித்த பித்தளைக் கோப்பையைக் கையிலிருந்து இறக்கவே மாட்டார். அன்றைக்குக் கோப்பையோடும், லாரி அச்சுக்கு ஊற்றும் ஆயில் டப்பாவோடும் மெக்கானிக் ஜெசிந்தாவின் ஒர்க்‌ஷாப்பில் வந்து நின்றார். பின்னால் சங்கத்துக்காரர்கள்.

"இருக்கிறதிலேயே விலை கூடின ஆயில். என் கார் கியர்பாக்ஸில் ஊத்தும்மா."

"வேண்டாம் சார். கியர் மாத்தும்போது உள்ளே ஒரு பித்தளை வளையம் வேலை செய்யுது. இந்த லாரி ஆயில்லே கலந்திருக்கிற கந்தக மருந்து அதை அரிச்சிடும். மருந்து குறைஞ்ச ஆயில்தான் சரி."

"எனக்கே பாடமா? ஒரு திருகுகூடக் கழற்றாமல் இப்பவே நிரூபி. முடியலைன்னா உன் போர்டைக் கழற்று!"

சங்கத்துக்காரர்கள் சிரித்தார்கள். ஜெசிந்தா அடுப்பைப் பற்றவைத்து, அவர் ஆயிலையே சட்டியில் ஊற்றிச் சூடாக்கினாள்.

"ஓடுற கியர்பாக்ஸும் இப்படித்தான் சுடும். கோப்பையைக் கொடுங்க சார், சாயங்காலம் வரைக்கும் ஊறட்டும்."

தலைவர் கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "ஐயையோ! கறுத்துப் போச்சுன்னா?"

"வளையமும் இதே பித்தளைதான் சார். அது வருஷக்கணக்கா ஊறணுமே!"

சங்கம் மறுபடி சிரித்தது, இந்தத் தடவை தலைவரைப் பார்த்து. அலமாரியிலிருந்து மருந்து குறைந்த ஆயிலை எடுத்து அவரே அவளிடம் நீட்டினார், ஒரே கையால். இன்னொரு கை கோப்பையை விடவில்லை.