பாதியில் பறந்த மைனா

ஒரு காட்டில் யாரோ ஒருவர் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு ஒளிந்துகொண்டார். "வயிறு போகிற குட்டிக்குத் தண்ணீர் காட்டாதே. குடிக்கக் குடிக்க இன்னும்தான் போகும்." இதுதான் அவர் சொன்னது. நரியா, கழுதைப்புலியா, தெரியாது. ஆனால் குழந்தைகளே, சொன்ன ஆளுக்குத் தெரியும், அது தான்தான் என்று.

அந்தக் காட்டில் சேதி பரவ ஒரே வழி மைனாக்கள். ஆற்றங்கரை மருத மரத்தடியில் யார் எதைச் சொன்னாலும், கிளையில் இருக்கும் மைனாக்கள் அதைக் கவ்விக்கொண்டு நாலு பக்கமும் பறக்கும். சரியான அவசரக்காரப் பறவைகள். பேச்சு கொஞ்சம் நீண்டால் பாதியிலேயே கிளம்பிவிடும்.

காட்டின் வைத்தியர் ஓர் ஆமை. கைராசிக்காரர். இந்தப் பொய் காதில் விழுந்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை.

'வீடு வீடாகப் போனால், நான் போய்ச் சேர்வதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும். மரத்தடியில் சொல்லிவிடுகிறேன்' என்று ஊர்ந்து வந்தார். வழக்கமான நிதானத்தோடு பேசிவிட்டு, பாரம் இறங்கியது என்று அங்கேயே தூங்கிப்போனார்.

மறுநாள் விடிந்ததும் ஒரு மந்தி மரத்தடிக்குப் பாய்ந்து வந்தாள். கோபக்காரி. ஒரு கொய்யாப்பழம் வாங்கினால்கூடப் பேரம் பேசாமல் நகரமாட்டாள். அவள் வயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி துவண்டு கிடந்தது.

"வைத்தியரே, வெளியே வாரும். ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டால் விட்டுவிடுவேனா?"

ஆமை தலையை நீட்டினார். குட்டியின் கண்கள் குழிந்திருந்தன. அது அழுதது. கண்ணீர் வரவில்லை.

"தண்ணீர் கொடுத்தாயா தாயே?"

"கொடுக்கத்தான் போனேன். கையில் அள்ளிய தண்ணீரைக் கீழே கொட்ட வைத்தது நீர்தானே? கொடுக்காதே என்று உம் பெயரைச் சொல்லித்தான் மைனா கூவியது."

"நானா? நான் கொடுக்கத்தான் சொன்னேன்."

"அப்படியானால் என் காது பொய்யா?"

"சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் மரத்துக்குப் பின்னால் இருக்கும் ஊற்றுக்குப் போ. தெளிந்த தண்ணீராக அள்ளு. சொட்டுச் சொட்டாகக் கொடு. பாலையும் நிறுத்தாதே."

மந்தி ஊற்றிலிருந்து அள்ளி வந்து குட்டியின் வாயில் விட்டாள். குட்டி முதல் வாயைக் கக்கிவிட்டது.

"பார்த்தீரா?"

"பொறு. கொஞ்சம் விட்டு மறுபடி கொடு. இன்னும் மெதுவாக."

இந்த முறை தண்ணீர் உள்ளே நின்றது. மந்திக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கோபமும் திரும்பி வந்தது.

"நேற்று என்னதான் சொன்னீர்? ஓர் எழுத்து மாறாமல் சொல்லும்."

ஆமை தொண்டையைச் செருமினார். "'வயிறு போகும் குட்டிக்குத் தண்ணீர் கொடுக்காதே' என்று..."

மேலே சிறகடிக்கும் ஓசை கேட்டது. "வைத்தியர் சொல்லிவிட்டார், தண்ணீர் கொடுக்காதே" என்று கூவிக்கொண்டே ஒரு மைனா ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது.

"...யாரோ சொல்வது பொய்" என்று ஆமை வெறும் கிளையைப் பார்த்து முடித்தார்.



"பொய்யை மறுக்க வந்து, அதையே என் பெயரில் அனுப்பி வைத்திருக்கிறேனே" என்றார் ஆமை.

"வருத்தப்பட நேரமில்லை. அடுத்த மைனா வருவதற்குள் பேச்சைக் குறையும்."

"சரி. 'மழைக்காலத்தில் வயிறு போனால் உடம்பில் உள்ள நீர் வற்றிவிடும் என்பதால்...'"

"கட்டாது. பாதியாக்கும்."

"'வயிறு போனால் உடம்பு வற்றும், ஆகவே தண்ணீர்...'"

"தண்ணீர் கடைசியில் நிற்கிறது பாரும். அதை முன்னால் கொண்டுவாரும்."

"காரணம் சொல்ல வேண்டாமா?"

"வேண்டியவள் நேரில் வந்து கேட்பாள். நீர் எழுந்து போகாமல் இங்கேயே இரும்."

ஆமை கண்ணை மூடி யோசித்தார். "'தண்ணீர் கொடு. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு.'"

"இது படிந்தது" என்றாள் மந்தி.

அன்று முழுக்க ஆமை அதையே சொன்னார். பாதியில் பறந்த மைனாகூட "தண்ணீர் கொடு" என்றுதான் கூவியது. மான் வந்தது, முயல் வந்தது, முள்ளம்பன்றி வந்தது. "எவ்வளவு கொடுக்க? கக்கினால் என்ன செய்ய?" என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் ஆமை பதில் சொன்னார். ஊற்றைச் சுற்றித் தாய்மார்கள் கூட்டம் கூடியது.

பொழுது சாயும் நேரத்தில் மந்தியின் மடி நனைந்தது. குட்டி சிறுநீர் கழித்திருந்தது.

"உடம்பில் நீர் ஊறிவிட்டது. இனிப் பயமில்லை" என்றார் ஆமை.

வேறு நாளாக இருந்தால் குட்டி முதுகில் ஓர் அடி விழுந்திருக்கும். மந்தி அந்த ஈர மடியோடு உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தாள். குட்டி அவள் காதைப் பிடித்து இழுத்தது.

பிறகு அவள் மருத மரத்தின் மேல் ஏறிக் காட்டைப் பார்த்துச் சொன்னாள். "முதலில் இந்தப் பொய்யைச் சொன்ன ஆளே, கேட்டுக்கொள். வைத்தியர் தெரியாமல் செய்த தப்பை நாள் முழுக்க உட்கார்ந்து சரிசெய்துவிட்டார். நீ இன்னும் ஒளிந்திருக்கிறாய். இந்த மரத்தடிக்கு வா. 'தவறாகச் சொல்லிவிட்டேன்' என்று உன் வாயாலேயே சொல். மைனாக்கள் காத்திருக்கின்றன."

நீதி: ஊருக்கு நல்லது சொல்ல வருபவர் உண்மையை முதல் வார்த்தையிலேயே சொல்ல வேண்டும்; தவறாகச் சொன்னவர், சொன்ன இடத்துக்கே வந்து திருத்த வேண்டும்.