வேப்பங்கொட்டையும் குன்றிமணியும்

கருவேலங்காட்டுக் குட்டைக் கரையில் நான்கு மிருகங்கள் தினமும் மத்தியானம் கொட்டை ஆட்டம் ஆடும். மரநாய் புனுகன், கீரி செவலையன், முள்ளம்பன்றி ஊசியப்பர், முயல் துள்ளாயி. கொட்டை போடுவது ஆமை. அதற்கு உறவும் கிடையாது, பகையும் கிடையாது. அதனால்தான் அந்த வேலை.

ஆட்டம் எளிதுதான். ஆளுக்கு இரண்டு கொட்டை. பாதத்துக்கு அடியில் மறைத்து வைத்துப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் கவிழ்த்துவிட்டு விலகிக்கொள்ளலாம், நஷ்டமில்லை. ஆடுவதென்றால் வட்டத்துக்குள் ஓர் இலந்தைப் பழம் வைக்க வேண்டும். பிறகு ஆமை எல்லாருக்கும் பொதுவாக மூன்று கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பாறைமேல் வைக்கும். இடையிடையே பழத்தைக் கூட்டலாம்; ஒருவர் கூட்டினால் மற்றவர்களும் அதே அளவு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் விலக வேண்டும். தன் கையிலும் பாறையிலும் சேர்த்து ஒரே வகைக் கொட்டை யாருக்கு அதிகமோ, அவருக்கே அத்தனை பழமும். சமமாக வந்தால் பெரிய கொட்டை ஜெயிக்கும். இலுப்பைக்கொட்டைதான் பெரியது. அப்புறம் புங்கு, அதற்கடுத்துப் புளி. வேம்பும் குன்றிமணியும் கடைசி. இந்த இரண்டும் கையில் வந்தால் விவரம் தெரிந்தவர்கள் மறுபேச்சில்லாமல் கவிழ்த்துவிடுவார்கள்.

ஒரு நாள் அந்த இரண்டை வைத்துக்கொண்டு செவலையன் ஆடியது. பாறைமேல் வேம்பு விழுந்தது. மறுபடியும் வேம்பே விழுந்தது. மூன்று வேம்புக்கு முன்னால் ஊசியப்பரின் இரண்டு இலுப்பை ஒன்றும் செய்ய முடியவில்லை. நாற்பது பழம் ஒரே வாரில் கீரிக்குப் போயிற்று.

காடு அதையே பேசியது. கௌதாரிகள் பாட்டுக் கட்டிப் பாடின. குட்டைக்குத் தண்ணீர் குடிக்க வந்த மான்கள்கூட, "எது, அந்தக் கீரியா?" என்று நின்று பார்த்துவிட்டுப் போயின. அதுவும் பரவாயில்லை. புனுகனின் மனைவி கருவாலி, குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே, "என்ன துணிச்சல் பாருங்க அதுக்கு" என்று சொன்னாள்.

புனுகனுக்கு வயிறு பற்றி எரிந்தது. அது ஐந்து வருஷமாக ஆடுகிறது. ஒழுங்காக ஆடுகிறது. ஒரு குருவி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நேற்று வந்த கீரிக்குப் பாட்டாம்.

அன்றிலிருந்து வேம்பும் குன்றிமணியும் வந்தால் புனுகன் விலகுவதில்லை. வேம்பும் புளியும் வந்தாலும் விலகுவதில்லை. பழம் எங்கிருந்து? மரப்பொந்தில் இருந்துதான். கோடை முழுக்கக் கருவாலிக்கு ஆகட்டும் என்று தையிலேயே காயவைத்துச் சேர்த்த நூற்றைம்பது இலந்தை. மழை வரும்வரை அந்தப் பக்கத்தில் வேறு தீனி கிடையாது. குட்டிகள் மூன்றும் இன்னும் கண் திறக்கவில்லை.

பத்து நாளில் பொந்து பாதியானது. கருவாலி கூப்பிட்டாள்.

"ஏங்க, ஒரு கணக்கு கேக்கட்டுமா?"

"கேளு."

"நானும் கிளைமேல இருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன். இந்தச் சோப்ளாங்கிக் கொட்டைய வச்சு எட்டு தடவை ஆடுனா ஒரு தடவைதான் ஜெயிக்கிறீங்க. ஜெயிச்சா மத்த மூணு பேரு பழம், மூணு வருது. தோத்த ஏழு தடவைக்கு ஏழு போவுது. ஏழு போய் மூணு வந்தா மிச்சம் நாலு எங்கே?"

"தினமும் அப்படியேவா இருக்கும்?"

"ஒரு நாள் மாறும். ஒரு மாசத்துக்கு மாறாது."

கணக்குச் சரி என்று புனுகனுக்கே தெரியும். ஆனால் தெரிந்தது வேறு, உறுத்தியது வேறு. "அப்ப அந்தக் கீரி மட்டும் எப்படி ஜெயிச்சான்? அவனுக்கு வந்தது எனக்கு வராதா?" என்று சிடுசிடுத்துவிட்டு இறங்கிப் போயிற்று.

வரத்தான் செய்தது. மறுநாளே வேம்பும் குன்றிமணியும் வைத்து ஜெயித்தது. மூன்று பழம் கிடைத்தது. புனுகன் தலையை நிமிர்த்தி மரங்களைப் பார்த்தது. கௌதாரிகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. ஒன்றும் திரும்பவில்லை. தோற்றபோதுகூட அதற்கு அவ்வளவு வலித்ததில்லை. மூன்று பழத்துக்கெல்லாம் யார் பாடுவார்கள்? கீரியைப் போல நாற்பது எடுக்க வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டது.

இதற்கிடையில் செவலையன் என்ன செய்தது என்று புனுகன் கவனிக்கவில்லை. மட்டமான கொட்டை வந்தபோதெல்லாம் அது சத்தம் போடாமல் கவிழ்த்துவிட்டுக் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. கவிழ்த்த கொட்டைக்கு யாரும் பாட்டுக் கட்டுவதில்லை அல்லவா?

கடைசியில் பொந்தில் ஏழு பழம் மிஞ்சியது. ஏழையும் வாயில் அள்ளிக்கொண்டு புனுகன் குட்டைக்கு வந்தது. ஆமை கொட்டை போட்டது. புனுகனுக்கு வந்தது வேம்பும் குன்றிமணியும்.

செவலையன் விலகியது. துள்ளாயியும் விலகியது. புனுகன் ஒரு பழம் வைத்தது. ஊசியப்பரும் ஒன்று வைத்தார்.

பாறைமேல் முதல் கொட்டை விழுந்தது. வேம்பு!

இரண்டு வேம்பு ஆகிவிட்டதே. புனுகன் மூன்று பழத்தைத் தள்ளியது. ஊசியப்பர் மூன்று வைத்தார். அடுத்தது இலுப்பை. புனுகன் மிச்சம் மூன்றையும் தள்ளியது.

"யோசிச்சுத்தான் வைக்கிறீரா?" என்றார் ஊசியப்பர்.

"உமக்குப் பயமா இருந்தா விலகும்."

அவர் விலகவில்லை. அவரும் மூன்று வைத்தார். மூன்றாவதாகப் புங்கங்கொட்டை விழுந்தது. ஊசியப்பர் பாதத்தை எடுத்தார். அடியில் ஓர் இலுப்பையும் ஒரு புளியும் இருந்தன. இரண்டு வேம்புக்கு எதிரே இரண்டு இலுப்பை. பழம் அவருக்கு.

ஒன்றுமே சேராமல் போயிருந்தால் ஒரு பழத்தோடு போயிருக்கும். பாதி சேர்ந்ததால்தான் ஏழும் போயிற்று. மட்டமான கொட்டையின் குணமே அதுதான்.

எல்லாரும் எழுந்து போனார்கள். புனுகன் கீரியை மறித்துக்கொண்டது.

"செவலையா, உண்மையைச் சொல்லு. அன்னைக்கு என்னத்தை நம்பி ஆடுன?"

கீரி தரையைப் பார்த்தது. "நான் எங்கண்ணே ஆடுனேன்? பழத்தைக் கையில வச்சிருந்தேன். புதர்ல பாம்பு சரசரன்னு போச்சு, திரும்பினேன். பழம் உருண்டு வட்டத்துக்குள்ள போயிருச்சு. உள்ள போனதை எடுக்கக் கூடாதே. அதுக்கப்புறம்தான் கொட்டையையே பாத்தேன். வேம்பா விழவும்தான் பழத்தைக் கூட்டினேன்."

"அடப்பாவி, இத ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"உங்களுக்குப் பொந்து இருக்கு, அண்ணி இருக்கு, பிள்ளைங்க இருக்கு. பொந்து நிறையப் பழம் இருந்துச்சு. நான் எத்தனை நாள் அந்த மரத்தடியில நின்னு ஏங்கியிருக்கேன் தெரியுமா? என்னைப் பாத்து ஒருத்தர் பொறாமைப்பட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் நீங்க. விட மனசு வரலை அண்ணே."



அன்று சாயங்காலமே அந்தக் குடும்பம் பொந்தைக் காலி செய்தது. ஆற்றுக்கு அப்பால் அத்திமரம் இருக்கிறதாம், இரண்டு நாள் நடை. கருவாலி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டாள், புனுகன் ஒன்றைக் கவ்விக்கொண்டது. மூன்றாவதை எடுக்க வாய் இல்லை. கொஞ்ச தூரம் போய் இரண்டையும் இறக்கிவிட்டு, புனுகன் அதற்காகத் திரும்பி ஓடியது. இப்படியே ஆறு வரைக்கும், ஒவ்வொரு காத தூரத்தையும் அது மூன்று முறை நடந்தது.

அடுத்தவனுக்கு ஒரு நாள் அடித்த அதிர்ஷ்டத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டு அதையே வழக்கமாக ஆட நினைப்பவன், தோற்பது தன் பங்கை அல்ல, தன்னை நம்பியிருப்பவர்களின் பங்கை.