துரைக்காகப் பீப்பாயில் இறங்கியவன்

மன்னார்குடியில் ஜெயகீதம் பேண்டு செட்டைத் தெரியாதவர்கள் குறைவு. ஒரு மாப்பிள்ளை அழைப்பில் யாரோ அவர்களிடம் 'நேராப் போங்க' என்று சொல்லியிருந்தார்கள். மண்டபம் வந்ததும் நிற்கச் சொல்லவில்லை. வாசித்துக்கொண்டே போனவர்கள், வயலும் சேறும் வந்த பிறகுதான் நின்றார்கள்.

கிளாரினெட் இருளப்பன் தலைவன். டிரம்பெட் சவரிமுத்து, டிரம் கோதண்டம், ஜால்ரா பிச்சைக்கண்ணு. நால்வரும் வேதவல்லி டீச்சர் வீட்டு மாடியில் குடியிருந்தார்கள். பேண்டு செட்டுக்கு வீடு கொடுக்க ஊரில் வேறு யாரும் தயாராக இல்லை. டீச்சர் கொடுத்தார். அந்த வீட்டில் சத்தம் என்று ஒன்று கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

கீழ்வீட்டில் டீச்சரும் துரையும்தான். துரை ஒரு நீல ஃபைட்டர் மீன். வாலை விரித்தால் யாரோ பட்டுத் துணியைத் தண்ணீரில் அலசுவது போலிருக்கும். காலையில் செய்தித்தாளை டீச்சர் அவனுக்குத்தான் படித்துக் காட்டுவார். அவனும் எதிர்த்துப் பேசியதில்லை.

மகளின் பிரசவத்துக்காக டீச்சர் கோயம்புத்தூர் கிளம்பினார்.

"நல்லாக் கேட்டுக்குங்க. தொட்டித் தண்ணிய ஒரேயடியா மாத்தாதீங்க, அவனுக்கு ஆகாது. இன்னிக்குப் பாதி, நாளைக்குப் பாதி. மூடிய எடுத்தா உடனே போட்டுடணும், குதிச்சுடுவான். கூட யாரும் இருக்கக் கூடாது, தனியாத்தான் இருப்பான். நான் வர்றப்ப அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தா, மாடியக் காலி பண்ணிட்டு நடையக் கட்டுங்க."

நால்வரும் தலையாட்டினார்கள். ஆட்டோ தெருமுனை திரும்பியதும் இருளப்பன் கீழ்வீட்டுக் கதவைச் சாத்தப் போனான்.

"எல்லாரும் வெளிய வாங்கடா. தனியா இருக்கணும்னாங்க."

"தீனி போட யாராவது உள்ள போகணுமே அண்ணே?"

"போனா அவன் தனியா இல்லையே."

நெடுநேரம் யோசித்துக் கோதண்டம் வழி சொன்னான். "கண்ணக் கட்டிக்கிட்டுப் போவோம். நாம அவனப் பார்க்கலைன்னா நாம அங்க இல்லைன்னுதானே அர்த்தம்?"

கண்ணைக் கட்டிக்கொண்டு அவனே போனான். அன்று குடத்துத் தண்ணீர் குடித்த எல்லோருக்கும் லேசான கருவாட்டு வாசம் அடித்தது. துரை பட்டினி கிடந்தான்.

மறுநாள் பட்டினிக்கு ஈடாகக் கை நிறையத் தீனி அள்ளிப் போட்டார்கள். அப்போதுதான் சவரிமுத்து அதைக் கவனித்தான். துரை அடிக்கடி மேலே வந்து வாயைத் திறந்து மூடினான். அந்த ஜாதி மீன் அப்படித்தான் மேலே வந்து காற்றைக் குடிக்கும். சவரிமுத்துவுக்கு அது தெரியாது.

"அய்யோ, தண்ணியில முழுகுறாண்டா!"

சவரிமுத்து டிரம்பெட்டின் வாயைத் தொட்டிக்குள் அழுத்தி, தம் கட்டி ஊதினான். தண்ணீர் கொதித்தது போல் குமிழியிட்டது. துரை சுழன்று போய் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டான். காற்று போதவில்லை என்று காலையும் மாலையும் ஊதினார்கள். அடியில் தீனி ஊறி அழுகியது. துரையின் நீலம் வெளுத்தது. வால், மடித்த குடை போல் சுருங்கியது.

இருளப்பன் கண் கலங்கினான். "மாடி போச்சுடா. நம்மள வேற யாருடா சேர்ப்பாங்க?"

"எங்க வலிக்குதுன்னு அவன் வாயத் திறந்து சொன்னா நாம செய்ய மாட்டமா?" என்றான் கோதண்டம்.

"அவன் சொல்ல மாட்டான். பேசத் தெரிஞ்சவன் ஒருத்தன் மீனா இருந்து பார்த்தாத்தான் தெரியும்," என்றான் சவரிமுத்து.

மூவரும் பிச்சைக்கண்ணுவைப் பார்த்தார்கள். அவன்தான் ஒல்லி.

கொல்லைப்புறத்தில் ஒரு நீலப் பீப்பாய் இருந்தது. கழுத்தளவு தண்ணீரில் அவனை இறக்கி, தீனியைத் தூவி, டிரம்பெட்டை விட்டு ஊதி, மூடியையும் சாத்தினார்கள். சற்று நேரத்தில் உள்ளிருந்து குரல் வந்தது.

"அண்ணே, குளிருது!"

இருளப்பன் ஓடிப்போய்த் துரையின் தொட்டிக்குத் தன் சிவப்பு பேண்டு கோட்டைப் போர்த்தி, பித்தளைப் பொத்தான்களையும் மாட்டி, பக்கத்தில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டான்.

"ஊதினா தலை சுத்துது!"

துரையின் தொட்டியில் ஊதுவதை நிறுத்தினார்கள்.

"தீனி ஜாஸ்தி, வயிறு உப்புது! தண்ணி நாறுது!"

துரைக்குத் தீனியைக் குறைத்தார்கள். அவன் தண்ணீரில் பாதியை மாற்றினார்கள். மறுநாள் இன்னொரு பாதி.

பீப்பாய்க்கு மட்டும் எதுவும் செய்யவில்லை.

"எனக்கும் ஒரு பல்பு போடுங்கண்ணே."

"போட்டா உனக்குக் குளிராது. அப்புறம் துரைக்குக் குளிருதான்னு நாங்க யாரக் கேக்குறது?"

பிச்சைக்கண்ணு யோசித்துப் பார்த்தான். நியாயமாகத்தான் பட்டது.

டீச்சர் திரும்பியபோது துரை பழைய நீலத்தில் மின்னிக்கொண்டிருந்தான். தண்ணீர் மேல் நுரையால் ஒரு கூடுகூடக் கட்டியிருந்தான். கோட்டுப் பொத்தானைக் கழற்றிப் பார்த்த டீச்சர், மூவர் பக்கம் திரும்பினார்.

"மாடி உங்களுக்குத்தாண்டா. எவ்வளவு காலம் வேணும்னாலும் இருங்க."

கொல்லையில் யாரோ தும்மினார்கள். டீச்சர் போய் மூடியைத் தூக்கினார். வெளுத்து, விரலெல்லாம் சுருங்கி, பிச்சைக்கண்ணு மேலே வந்து வாயைத் திறந்து மூடினான்.

"அடப் பாவிகளா! முதல்ல அவன வெளிய எடுங்கடா!"

மூவரும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். இடுப்பு வரை வந்ததும் நிறுத்தி, பீப்பாய்க்குக் குறுக்கே ஒரு பலகையைச் செருகி, அவனை அதில் சாய்த்து வைத்தார்கள்.

"ஏண்டா நிறுத்திட்டீங்க?"

"மீதி நாளைக்கு டீச்சர்," என்றான் இருளப்பன் பணிவாக.

"அவசரப்படுத்தாதீங்க டீச்சர்," என்றான் பிச்சைக்கண்ணு, பல் கிட்டிக்க. "ஒரேயடியா மாத்தினா எனக்கு ஆகாது."

கோதண்டம் மட்டும் மறக்காமல் கீழே கிடந்த மூடியை எடுத்து, துடைத்து, அவன் குதித்துவிடாதபடி தலைமேல் வைத்தான்.