யாரும் சொல்லாத வாக்கியம்

பத்தொன்பது வயது அஜிதா எழுதிய டிராகன் நாவலால் நாகர்கோவில் வாசகர் மன்றம் இரண்டு கட்சியாகிவிட்டது. ஒரு கட்சி, "கீழே வைக்கவே முடியல!" என்றது. மறுகட்சி, "எல்லாம் ஏற்கெனவே படிச்சதுதான்!" என்றது.

ஆண்டுப் பரிசை முடிவுசெய்யும் தலைவர், பேராசிரியர் தாணுமாலயன், மைக்கைப் பிடித்தார். "ஏம்மா, மந்திர வாள், நெருப்பு கக்குற டிராகன், எல்லாமே இரவல் சரக்கு! இந்த மன்றத்துல இதுவரைக்கும் யாருமே சொல்லாத ஒரு வாக்கியம் சொல்லு, பரிசு உனக்குத்தான்."

அஜிதா எழுந்தாள்.

"தாணுமாலயன் சார் சொன்னது தப்பு!"

பேராசிரியர் சிவந்துபோனார். "இதையா யாரும் சொன்னதில்ல?"

"சத்தியமா இல்ல சார்!" என்று மறுகட்சியே எழுந்து நின்று கைதட்டியது. "நாவல் பழசுதான். இந்த வரி புத்தம் புதுசு. பரிசைக் குடுத்துருங்க!"

வேறு வழியில்லாமல் கொடுத்தார்.